தென்னந்தோப்பில் மண்ணைக் கிளற எது பருவம்?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மேற்கு மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் பலர் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், உரம் வைக்கிறார்கள், ஆனாலும் குரும்பை உதிர்கிறது, காய் சிறுத்துப் போகிறது என்று குறைப்படுகிறார்கள். இதற்குக் காரணம் பல இருக்கலாம். அதில் அதிகம் பேர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: மண் இறுகிப் போவது. மண்ணைக் கிளறி இளக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது கிளறுவது என்பதில்தான் தப்பு நடக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

தோப்பு மண் ஏன் இறுகுகிறது? வருஷக்கணக்காக ஒரே இடத்தில் மாடு மேய்கிறது. காய் வெட்டுகிறவர்கள் நடக்கிறார்கள், லோடு ஏற்ற டிராக்டர் வருகிறது. வாய்க்கால் தண்ணீர் மண்ணை அமுக்குகிறது. நெல் வயலாக இருந்தால் போகத்துக்குப் போகம் உழுது விடுவோம். தோப்பை அப்படி உழுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் சிறு துவாரங்கள் அடைபட்டுப் போனால் தண்ணீர் இறங்காது, காற்றும் இறங்காது. வேரும் மூச்சு விடுகிற உயிர்தான். காற்றில்லாத மண்ணில் அது உரத்தை உண்ணாது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கில் கயிறு மாதிரி வேர்கள் கிளம்புகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே வேலை செய்கின்றன. மற்றச் செடிகளின் வேரில் இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகள் தென்னை வேரில் இல்லை. ஆகவே, புதுசு புதுசாக இளம்வேர் விட்டால்தான் மரம் சாப்பிட முடியும். இளம்வேர் விடுவதற்கு மண் இளகியிருக்க வேண்டும், ஈரமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும். பருவம் பார்ப்பது எல்லாம் இதற்காகத்தான்.

ஊட்டி தாவரவியல் பூங்காவின் பச்சைப் புல்தரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குளிர் தேசங்களில் வீட்டுக்கு வீடு அப்படிப் புல்தரை வளர்க்கிறார்கள். மிதிபட்டு மிதிபட்டு அந்த மண்ணும் இறுகிப்போகும். அப்போது குழாய் போன்ற பற்கள் உள்ள கருவியால் சிறு சிறு மண்கட்டைகளைப் பிடுங்கி எடுத்துத் துளை போடுவார்கள். குளிரில் செழிக்கும் புல்லுக்கு இதை நடுக்கோடையில் செய்ய மாட்டார்கள். வெயிலில் அந்தப் புல் சோர்ந்து கிடக்கும். கோடை போய்ச் சில்லென்று காற்று வந்து, வேர் துளிர்க்கத் தொடங்கும் சமயம் பார்த்துத்தான் துளை போடுவார்கள். புல்லுக்கும் தென்னைக்கும் பருவம் வேறு. ஆனால் விதி ஒன்றுதான்: வேர் வளரப் போகும் நேரத்தில் மண்ணைத் திற, வேர் வாடும் நேரத்தில் அதைத் தொடாதே.

நமக்கு எது பருவம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னந்தோப்பின் இடைவெளியை வருஷத்துக்கு இரண்டு தடவை உழச் சொல்கிறது: ஜூன்–ஜூலையில் ஒன்று, டிசம்பர்–ஜனவரியில் ஒன்று. நம்ம கணக்கில் ஆனி ஒட்டி ஒரு உழவு, மார்கழி, தை ஒட்டி ஒரு உழவு.

ஆனி ஏன்? சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்திருக்கும். அக்கினி வெயில் தணிந்து, மலையிலிருந்து மேல்காற்று இறங்கும். அடிவாரத்தில் சாரலும் எட்டிப் பார்க்கும். இப்போது மண்ணைத் திறந்து வைத்தால், புரட்டாசி தொடங்கிப் பெய்கிற மழை ஓடி வீணாகாமல் உள்ளே இறங்கும். நம் மாவட்டத்தின் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதைப் பிடித்து வைக்கத் தோப்பு தயாராக இருக்க வேண்டாமா?

மார்கழி, தை ஏன்? அடைமழை அடித்து மேல்மண் மறுபடி கெட்டித்திருக்கும். கோரையும் அருகும் முழங்கால் உயரம் வளர்ந்து, பூமியில் சேர்ந்த ஈரத்தைக் குடித்துக் கொண்டிருக்கும். இந்த உழவில் களை மடியும், மேல்மண் பொலபொலப்பாகும், அடியில் இருக்கும் ஈரம் கோடைக்கு மிஞ்சும்.

எப்போது செய்யக் கூடாது?

பங்குனி, சித்திரையில் வேலை ஓய்வாக இருக்கிறது, டிராக்டரும் சும்மா நிற்கிறது என்று தோப்பை ஆழ உழுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அது பயிர் இல்லாத வெறும் மானாவாரி நிலத்துக்குச் சொன்னது. தோப்பில் மரம் நிற்கிறதே! அனல் வெயிலில் வேரை அறுத்து விட்டால், புது வேர் விட ஈரத்துக்கு எங்கே போகும்?

அதேபோல ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் இறங்கக் கூடாது. ஈரக் கரிசலில் டிராக்டர் சக்கரம் ஏறினால், நீங்கள் இளக்குவதைவிட இறுக்குவதே அதிகமாகும். ஒவ்வொரு தடவையும் ரோட்டவேட்டரையே ஓட்டினாலும் மேலே மாவு மாதிரி இருக்கும், கீழே பலகை போட்ட மாதிரி இறுகிப் போகும்.

இந்தத் தப்பு உடனே தெரியாது என்பதுதான் தென்னையில் உள்ள சங்கடம். ஒரு பாளை மரத்துக்குள்ளே கருவாகி வெளியே வெடிக்க ஏறக்குறைய 32 மாதம் ஆகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 11, 12 மாதம். இன்று வேருக்குச் செய்த கெடுதல் இரண்டு, மூன்று வருஷம் கழித்துக்கூடக் காயில் தெரியலாம். அதற்குள் காரணம் நமக்கே மறந்து போயிருக்கும்.

கைப்பிடிப் பரிசோதனை

மாதம் சரியாக இருந்தாலும் அன்றைய ஈரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து, கொழுக்கட்டை பிடிப்பது போல அழுத்துங்கள். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உருண்டை பிடிக்கவே வரவில்லை என்றால் ஈரம் போதாது. ஒரு தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். விழுந்து சப்பட்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், இன்னும் காய வேண்டும். உதிர்ந்து சிதறினால் அதுதான் பதம். மறுநாளே ஏரைப் பூட்டலாம். செம்மண் சீக்கிரம் பதத்துக்கு வரும், கரிசல் தாமதமாகும். நாள் கணக்கை நம்பாதீர்கள், கைப்பிடியை நம்புங்கள்.

உழும் முறை

மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நாட்டுக்கலப்பையாலோ கொத்துக்கலப்பையாலோ உழலாம். மரத்திலிருந்து 2 மீட்டர் சுற்றளவுக்குள் கலப்பை வரக் கூடாது. அந்த வட்டப்பாத்தியை மண்வெட்டியால் மேலாகக் கொத்தினால் போதும். அரை அடிக்கு மேல் வேண்டாம்.

கொத்துகிற கையோடு உரத்தையும் வைத்து விடுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டை மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது பல்கலைக்கழகச் சிபாரிசு. இதைச் சரிபாதியாக்கி, ஆனியில் ஒரு பாதி, மார்கழி, தையில் ஒரு பாதி. தொழுஉரம் மரத்துக்கு 50 கிலோ. மரத்திலிருந்து 1.8 மீட்டர் வரை வட்டமாகப் பரப்பி, கொத்தி மூடி, தண்ணீர் விட வேண்டும். இறுகிய மண் நிரந்தரமாக இளகத் தொழுஉரமும் பசுந்தாளும் வேண்டும். சணப்பையோ கொழுஞ்சியோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள்.

கோடையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோடையில் கிளறாதீர்கள், மூடுங்கள். வட்டப்பாத்தியில் 100 உரிமட்டைகளை முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்கலாம். இல்லாவிட்டால் காய்ந்த ஓலை 15 போடலாம், அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். ஈரம் காக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடிகிற மரம் தோப்பில் இருந்தால், கலப்பையை நிறுத்துங்கள். அது 1952-ல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் தெரிய வந்த வாடல் நோயாக இருக்கலாம். மண்ணில் வாழும் பூசணத்தால் வருவது. வேரைக் காயப்படுத்தினால் நோய் புகுவதற்கு நாமே வழி விட்டதாகும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி எடுத்து மற்ற மரங்களிலிருந்து பிரியுங்கள். வேளாண்மை அலுவலரைக் கூட்டி வந்து காட்டிய பிறகே உழவைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த தடவை தண்ணீர் பாய்ச்சும்போது ஒரு வேலை செய்யுங்கள். காலையில் வட்டப்பாத்தி நிறையத் தண்ணீர் விட்டு, சாயங்காலம் போய்ப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் உங்கள் தோப்பு மண் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். வரப்போகிற ஆனியையோ மார்கழியையோ, எது முதலில் வருகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.