கோடையில் திறக்கும் ஆய்வுக்கூடக் கதவு

கோடை விடுமுறை என்றால் ஓய்வுக்காலம் என்பதே நம் இல்லங்களில் நிலவும் எண்ணம். ஆயினும் இயற்பியலும் பொருளறிவியலும் பயிலும் கல்லூரி மாணவர்க்கு அது வாழ்வின் திசையையே மாற்றக்கூடிய காலமாகும். இதனைப் பெற்றோர் அறிய வேண்டுமென விழைகின்றோம்.

பெங்களூர், புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களிலுள்ள நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் ஒன்றிணைந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கி வருகின்றன. தேர்வு பெறுவோர் இரண்டு திங்கள் ஓர் ஆய்வறிஞரின் கீழ்ப் பணிபுரியலாம். 1989-இல் தொடங்கிய பெங்களூர் ஜவகர்லால் நேரு உயராய்வு மையமும் இத்தகைய வாய்ப்பை அளிக்கிறது.

கல்லூரிச் சோதனையின் விடை முன்னரே தெரிந்தது. ஆய்வின் விடையோ வழிகாட்டிக்கும் தெரியாதது. மாணவர் ஒரு பொடியை அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு, எக்ஸ் கதிரால் அணுக்களின் அடுக்கை ஆராய்கிறார். எதிர்பார்த்த பொருள் உருவாகவில்லையெனில் மீண்டும் தொடங்குகிறார். விரும்பிய அளவையன்றிக் கிடைத்த அளவையே எழுதும் நேர்மையை அங்கே கற்கிறார்.

பெங்களூர் அகாதெமியை 1934-இல் நிறுவிய சர் சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்தபோதே, 1906-இல், தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டவர். இளமை ஆராய்ச்சிக்குத் தடையன்று.

தடைகள் வேறு. விண்ணப்பம் கோருவது வழக்கமாக முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே. மாணவர் தம் ஆர்வத்தை விளக்கி எழுத வேண்டும்; ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஏப்ரலில் விசாரிப்போர்க்குக் கதவு மூடியிருக்கும்.

மற்றொரு தடை நம் இல்லத்திலேயே உள்ளது. "வயதுப் பெண்ணைத் தொலைவூருக்கு எப்படி அனுப்புவது?" என்று தாய் கலங்குகிறார். "விடுமுறையில் மகன் வேலைக்குப் போனால்தானே கல்லூரிக் கட்டணம் கட்டலாம்?" என்று தந்தை கேட்கிறார். இக்கவலைகளை நாம் எளிதாக எண்ணவில்லை. தங்குமிடம் எது, வழிகாட்டி யார், உதவித்தொகை எவ்வளவு என்பவற்றை முன்னரே கேட்டறியுங்கள். முதல் முறை உடன் சென்று பாருங்கள். அவ்வூர்ப் பங்குக் குருவுக்கு ஒரு கடிதம் பெற்றுச் செல்லுங்கள். அதன் பின்னர் முடிவு செய்யுங்கள்.

நற்செய்தியில் தாலந்தைப் புதைத்த ஊழியன் அதனைக் களவாடவில்லை, அஞ்சியே புதைத்தான். பிள்ளைகளுக்கு இறைவன் ஈந்த அறிவை நம் அச்சம் புதைத்துவிடலாகாது. பங்கு இளைஞர் மன்றத்தார் அக்டோபர் மாதமே இவ்வாய்ப்புகளைக் கேட்டறிந்து, ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பார்களாக.