நீங்க எந்தப் பக்கம்?

வானொலிக்குத் தொலைபேசியில் அழைக்கும் நேயரிடம் நாங்கள் கேட்பது மூன்றே கேள்விகள்தாம். பெயர் என்ன, எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தது பாட்டு.

ஆனால் அந்த ஒரு நிமிடத்துப் பதிலை வைத்தே அழைத்தவரின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், "பத்தாங் பெர்ஜுந்தையிலேருந்து பேசுறேன்" என்பார். அதே வீட்டிலிருந்து பேரன் அழைத்தால், "பெஸ்தாரி ஜெயா" என்பார். 2007-இல் ஊரின் பெயர் மாறியது. பாட்டியின் வாயில் மாறவில்லை. பாட்டி ஊர்ப் பெயரோடு நிறுத்தவும் மாட்டார். "முன்ன எஸ்டேட்ல இருந்தோம், இப்ப தாமானுக்கு வந்துட்டோம். பெரியவன் லாரி ஓட்டுறான், சின்னவ கிள்ளான்ல டீச்சரா இருக்கா" என்று மொத்தக் குடும்பத்தையும் கூட்டி வந்துவிடுவார். பேரனோ, "கே.எல்.ல வேலை, ஐ.டி. லைன்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வார்.

இரண்டு பதிலிலும் தவறில்லை. ஆனால் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே, நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் விதத்தில் ஏதோ ஒன்று கைதவறிப் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

ஒரு கேள்வி, ஒன்பது சொந்தம்

நம் தாத்தா பாட்டி காலத்தில் முன்பின் தெரியாத இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, "எந்தத் தோட்டம்?" கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, மருத்துவமனை பெஞ்சு, எங்கே என்றாலும் இதே கேள்விதான். பதில் வந்தவுடன் அடுத்தடுத்து வரும். "அங்க கிராணியார் வீட்டுக்குப் பின்னால இருந்த லயமா?" "ஆயாக் கொட்டகையில வேலை செஞ்ச அக்காவத் தெரியுமா?" ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் பொதுவான ஓர் ஆள் கிடைத்துவிடுவார். அப்புறம் "வாங்க, போங்க" போய் "அண்ணே, அக்கா" வந்துவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. கங்காணி முறையில் ஆள் சேர்த்தபோது, கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும்தான் ஆட்களை அழைத்து வந்தார். 1938-இல் அந்த முறை நின்றது. ஆனால் சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஒரே பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பேர் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்தார்கள். ஆகவே ஒரு தோட்டத்தின் பெயர் என்பது விலாசம், பிறந்த ஊர், சொந்தக்காரர் பட்டியல் மூன்றும் சேர்ந்த ஒன்று.

எல்லாரும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே குடும்பங்கள் இருந்தன. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாலை போட்ட பொதுப்பணித் துறைத் தொழிலாளர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாவாக வந்தவர்கள், காசு மாற்றும் கடை வைத்தவர்கள் என்று பல பேர். அவர்களுக்கும் இதே போன்ற கேள்வி இருந்தது. "எந்த குவார்ட்டர்ஸ்?" "யார் கடை?"

பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய விலாசம்

கேள்வி ஏன் நின்றது? தோட்டமே இல்லாமல் போனபோது கேள்வி மட்டும் எப்படி நிற்கும்?

இன்று சுபாங் ஜெயா இருக்கும் இடம் முன்பு சீபீல்டு ரப்பர் தோட்டம். 1976-இல் அங்கே வீடமைப்பு தொடங்கியது. பண்டார் உத்தாமா இருக்கும் இடம் எஃபிங்ஹாம் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்த புக்கிட் ஜாலிலும் தோட்டம்தான். புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்தது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் தொடங்கிய தோட்டம் அது. அதனால்தான் மலாயில் 'பெரும்போர்' என்று பொருள்படும் பெயர். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் தொண்ணூறுகளின் கடைசியில் டிங்கிலுக்குக் குடிபெயர்ந்தன.

தோட்டம் போனாலும் பெயர் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில். சீபீல்டு தமிழ்ப்பள்ளி, எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். ஆக, பெயர்ப்பலகையும் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை.

இன்று நம் இளைஞர் ஒருவர் சுபாங்கில் பதினைந்தாவது மாடியில் வாடகைக்கு அறை எடுத்திருப்பார். புதிதாக அறிமுகமாகும் நண்பரிடம், "சுபாங்ல இருக்கேன்" என்பார். அவருடைய பாட்டி பால்வாளி சுமந்து நடந்த நிலத்தின் மேலேயேகூட அந்தக் கட்டடம் நிற்கலாம். அவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

"அப்பா என்ன பண்றாரு?"

தெரியாமல் சொல்லாதது ஒரு பக்கம். தெரிந்தே சொல்லாதது இன்னொரு பக்கம்.

என் தோழி ஒருத்தி கணக்காய்வாளர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் புதிய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பெயர், ஊர், பெற்றோரின் தொழில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் வழக்கறிஞர், மருத்துவர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இவள் முறை வந்ததும், "அப்பா சொந்தத் தொழில்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அப்பா சின்ன லாரியில் வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பு வாங்குபவர். "சொந்தத் தொழில்தானே, பொய் ஒண்ணும் சொல்லலையே" என்று இப்போது சிரிக்கிறாள்.

அப்போது சிரிக்கவில்லை. தன் அறையில் உடன் தங்கியிருந்த பெண்ணை மூன்று வருடமாக வீட்டுக்கு அழைக்கவே இல்லை. கடைசி ஆண்டு தீபாவளிக்கு அந்தப் பெண் தானாகவே, "நான் வர்றேன்" என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். பஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தது அப்பாவின் அதே இரும்பு லாரிதான். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வரும்போது அந்தப் பெண் சொன்னாளாம், "எங்கம்மா ஜொகூர்ல ஒரு சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவுறாங்க அங்கிள். காலேஜ்ல யார்கிட்டயும் சொன்னதில்ல."

"மூணு வருஷம் ஒரே ரூம். ரெண்டு பேரும் ஒரே விஷயத்த ஒருத்தருக்கொருத்தர் மறைச்சிருக்கோம்" என்றாள் தோழி. அவர்கள் இருவரும் இன்றும் நெருங்கிய தோழிகள். ஆனால் அந்த மூன்று வருடம் திரும்பி வராது. தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் தனித்தனியாகக் கவலைப்பட்ட இரவுகளில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்திருக்கலாமே என்றுதான் அவளுக்கு இன்றும் வருத்தம்.

நம் அடையாள அட்டையில் நம் பெயரோடு அப்பாவின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. வங்கியில், விமான நிலையத்தில், முதல் நாள் வேலையில் எங்கே அட்டையை நீட்டினாலும் அவரும் கூடவே வருகிறார். அவர் செய்த வேலையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா பிறையில் மின்னணுத் தொழிற்சாலை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் பாக்டரி பஸ் வந்து நிற்கும். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த பிறகு, வட மாநிலங்களில் எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் ஏறிய பஸ் அது. இதை நான் புதிய நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "எங்கம்மாவும் பாக்டரி பஸ்தான்" என்பார். அந்த நொடியில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். எந்த நிறுவனம், என்ன பதவி என்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும்.

எடை போடும் கேள்விகள்

"அப்படியென்றால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கலாமா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கூடாது.

"சம்பளம் எவ்வளவு?" "சொந்த வீடா, வாடகையா?" "இன்னும் கல்யாணம் ஆகலையா?" இவையும் குடும்பம், வேலை பற்றிய கேள்விகள்தாம். இன்னொன்றும் உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பூர்வீகத்துல நீங்க என்ன ஆளுங்க?" என்பது. பழைய "எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்குப் பின்னாலும் சில நேரம் இந்தக் கேள்வி ஒளிந்திருந்தது. இவையெல்லாம் எதிரில் இருப்பவரைத் தராசில் நிறுத்துபவை. ஒரு சின்னச் சோதனை போதும். அதே கேள்விக்கு நான் முதலில் பதில் சொல்லத் தயாரா? இல்லை என்றால் கேட்க வேண்டாம்.

பதில் சொல்ல விரும்பாதவர்களும் நம்மிடையே உண்டு. அப்பா விட்டுப்போன வீடு, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன், அடையாள அட்டை கிடைக்காமலே வளர்ந்த பிள்ளை. அவரவருக்கு அவரவர் காரணம். "வீட்ல எல்லாரும் சௌக்கியம்" என்று ஒருவர் சுருக்கமாக முடித்தால், நாமும் அங்கேயே முடித்துவிட்டு இன்னொரு தே தாரேக் சொல்வதுதான் மரியாதை. நட்பு வளர்ந்தால் ஒருநாள் அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எப்படித் தொடங்கலாம்?

ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பல வருடமாகப் பலரைப் பேச வைத்ததில் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உதவலாம்.

முதலில் கொடுங்கள், பிறகு கேளுங்கள். "எங்கப்பா லாரி ஓட்டுநர்" என்று நீங்கள் ஆரம்பித்தால், எதிரில் இருப்பவருக்குப் பாதிக் கூச்சம் போய்விடும்.

பெரிய கேள்வி வேண்டாம், சின்னக் கேள்வி கேளுங்கள். "உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. "சின்ன வயசுல ஸ்கூலுக்கு எதுல போனீங்க?" "வீட்ல யாரு சமையல் நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் ஏற்றிப் போன தாத்தா வருவார், மீன் குழம்பு வைக்கும் பெரியம்மா வருவார்.

குறுக்கே பாயாதீர்கள். அவர் தன் அம்மாவின் கஷ்டத்தைச் சொல்லும்போது, "இதென்ன, எங்க வீட்ல..." என்று போட்டிக்கு நிற்க வேண்டாம். சொல்லி முடிக்கட்டும்.

கேட்டதை நினைவில் வையுங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது, "அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அறிமுகமானவர் நண்பராகிவிடுவார். அந்த வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு அடுத்த தீபாவளியில் உங்களுக்கும் அழைப்பு வரும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நமக்கே தெரியாததை நண்பரிடம் எப்படிச் சொல்வது? ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். நம்ம குடும்பத்துல முதல்ல இங்க வந்தது யாரு? ரஜூலா கப்பல்லயா, சிதம்பரம் கப்பல்லயா? முதல்ல எந்தத் தோட்டம்? அங்கிருந்து ஏன் கிளம்புனோம்? அப்பாவோட முதல் சம்பளம் எத்தனை வெள்ளி, அத என்ன பண்ணாரு?

பதில்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மாமாக் கடையில் யாராவது புதிதாக உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால், வேலையைச் சொன்ன பிறகு இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. அதை நிரப்பித் தருபவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.