சர்க்கரை உள்ளவர்களே, ஈறுகளையும் கவனியுங்கள்!

நம் சங்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையில்தான் போய் நிற்கும். யாருக்கு எத்தனை, என்ன மாத்திரை, வெந்தயமா பாகற்காயா என்று எல்லாம் அலசுவோம். ஈறுகளைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். நானும் அப்படியே இருந்து இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தது. பிரஷ் குத்தியிருக்கும் என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கிராம்புத் தைலம் தடவினேன். வலி இல்லாததால் டாக்டரிடம் போகவில்லை. இரண்டு வருடத்தில் பல் ஆட ஆரம்பித்தது. இத்தனைக்கும் ஒரு பல்லிலும் சொத்தை கிடையாது. ரயில் பாதையிலும் இப்படித்தான். தண்டவாளமும் ஸ்லீப்பரும் நன்றாக இருக்கும். அடியிலுள்ள ஜல்லியில் சேறு சேர்ந்தால் பாதை ஆடும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை இடுக்கு இருப்பது இயல்பு. அங்கே அழுக்கும் காரையும் படிந்து கிருமிகள் பெருகினால் இடுக்கு ஆழமாகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைவு. புண் ஆறவும் நாளாகும். ஹாரால்ட் லோ என்ற பல் மருத்துவ நிபுணர் 1993-லேயே ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பாதிப்பு என்று குறிப்பிட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈறுகளில் ஓயாமல் இருக்கும் அழற்சி, இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. 2022-ல் கோக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவுக்காரர்களுக்கு, மூன்று நான்கு மாதத்தில், எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.43 குறைந்திருந்தது. அதாவது 8.4 இருப்பவருக்கு 8-ஐ ஒட்டி வரும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சை பயப்படும்படி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரை காரையைச் சுரண்டி எடுப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரும். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்பது தவறு. காரை மறைத்திருந்த இடுக்கு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பல் டாக்டரிடம் சர்க்கரை இருப்பதையும், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் (முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க எடுப்பவற்றை) முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வீட்டில் மெதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் துலக்குங்கள். பல்லிடுக்குகளைத் தனிச் சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புகையிலையை, வெற்றிலையோடு போடுவது உட்பட, அடியோடு விடுங்கள்.

ரத்தக் கசிவு, ஈறு வீக்கம், வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். வலி வரும் நேரத்தில் எலும்பு பாதி போயிருக்கும்.

நம் சங்கம் அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும்போது ஒரு பல் டாக்டரையும் அழைக்கலாமே. என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.