இறக்கையை வெட்டாதீர்கள்!

எங்கள் வீட்டுக் காக்டீல், ஆஸ்திரேலியக் கிளி. கூண்டருகே யார் போனாலும் முகத்தைக் குறிவைத்துப் பாயும். பாட்டி கண்ணில் பட்டால் என்னாவது? "இறக்கையை வெட்டிடு"ன்னாங்க. ஃபியூஸ் போனா ஒயரையா வெட்டுவோம்? ஃபால்ட்டைத்தானே தேடுவோம்!

பாய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பயம், அல்லது இனப்பெருக்கக் காலத்தில் தன் இடத்தைக் காக்கும் வேகம். இறக்கை போனாலும் பயம் போகாது, கடிக்கத்தான் செய்யும்.

கூடு மாதிரி இருந்த அட்டைப்பெட்டியை எடுத்தேன். இரவில் 10-12 மணி நேரம் இருட்டில் தூங்க விட்டேன். பாய்ந்தால் கத்துவதில்லை, நம் கூச்சல் அதுக்கு வேடிக்கை. அமைதியாகக் குச்சியில் உட்கார்ந்தால் மட்டும் ஒரு சூரியகாந்தி விதை. பாய்ச்சல் மெல்லக் குறைந்தது.

ஒன்று: நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதே 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது மரத்திலேயே பறக்கட்டும்!