தரங்கம்பாடிப் புகைவண்டி நிலையம்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எமக்குப் புகைவண்டி நிலையம் என்றால் வண்டி வந்து நிற்கும் இடம் என்பதன்றி வேறு பொருள் தோன்றியதில்லை. கடலூருக்கும் விருத்தாசலத்திற்கும் இடையேயுள்ள எம்மூர் நிலையம் இன்றும் இயங்கி வருகின்றது. வண்டி வாராத நிலையமும் உண்டென்பதைத் தரங்கம்பாடியின் வரலாற்றால் அறிந்தோம்.

சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டில் கரையிறங்கிய ஊர் என்றும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர் என்றும் தரங்கம்பாடியை நம் கல்லூரியார் நன்கறிவர். அவ்வூரை டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். அதன் பின்னரும் சில காலம் தஞ்சை ஜில்லாக் கலெக்டரின் கச்சேரி ஆங்கு இருந்தது; 1860-இல் அது தஞ்சை நகருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்தினின்று தஞ்சைக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. கப்பற் சரக்குகள் பாதையுள்ள துறைமுகத்தையே நாடுதல் இயல்பன்றோ? தன்பால் வாராத புகைவண்டியால் தரங்கம்பாடி தன் வாணிகத்தை இழந்தது.

நிற்க. இருப்புப்பாதை இடுதல் சர்க்காரும் சீமைக் கம்பெனியாரும் மட்டுமே செய்யத்தக்க தொழில் என்று கருதப்பட்ட அந்நாளில், தஞ்சை ஜில்லா போர்டார் ஒரு புதுமை செய்தனர். குடியானவர் செலுத்தும் நிலவரியோடு சிறு தீர்வை ஒன்றும் வாங்கிப் பொருள் திரட்டி, 1894-இல் மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையைத் திறந்தனர். பாதை போர்டாருடையது, வண்டி ஓட்டியவர் தென்னிந்திய ரெயில்வேயார். உழவர் கொடுத்த காசு தண்டவாளமாக மாறியது என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பே மேலிடுகின்றது.

அப்போர்டாரின் முயற்சியாலேயே 1926-இல் மாயவரத்தினின்று தரங்கம்பாடிக்கும் பாதை வந்தது. நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மீட்டர்ப் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு ஆகிய ஊர்களைத் தொட்டு வண்டி கடற்கரையை அடையும். அறுபதாம் ஆண்டு நிறைவு விழாவிற்காக அபிராமியம்மை சந்நிதிக்குச் செல்வோர்க்கு இது பெரிதும் பயன்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறைசென்று, 1914-இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் குடும்பத்தார் ஊராகிய தில்லையாடிக்குக் காந்தியடிகள் 1915-இல் வந்த பொழுது இப்பாதை இல்லை. இன்று சென்றாலும் இல்லை.

பாதை வந்த காலத்தில் துறைமுகத்தின் வாணிகம் மறைந்து நெடுநாளாகியிருந்தது. ஏற்றுதற்குக் கப்பற்சரக்கு இல்லை; ஏறுதற்குச் சிற்றூர் மக்களே இருந்தனர். பேருந்துகள் பெருகவே அவர்களும் குறைந்தனர். வருவாய் போதாதென்று 1986-இல் வண்டி நிறுத்தப்பட்டது. வரவு செலவுக் கணக்கு அவ்வாறே கூறியிருக்கலாம். எனினும், குடிகளின் தீர்வையால் தொடங்கிய ஒரு முயற்சியின் பயனை விற்ற சீட்டுகளைக் கொண்டு மட்டும் அளந்தது முறையாகுமா என்பது எம் ஐயம்.

அண்டையிலுள்ள பேரளம் – காரைக்கால் பாதையும் 1898-இல் திறக்கப்பெற்று, 1980-களில் மூடப்பெற்றதேயாம். அது இப்பொழுது அகலப் பாதையாக மீண்டும் இடப்பெற்றுள்ளது. தரங்கம்பாடியார் தம் பாதையையும் மீட்டுத்தர வேண்டுமென்று கேட்டு வருகின்றனர். அதுகாறும் வேற்றூருக்குச் சென்றே அவர்கள் வண்டியேற வேண்டும்.