வீட்டு வாசலில் ஒரு சிக்னல்

சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வழக்கம்போல் செல்போனில் வந்து நின்றது. "செய்தி படிக்கலாம் என்று திறந்தால் விளம்பரத்துக்கு நடுவில் செய்தியைத் தேட வேண்டியிருக்கிறது" என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டார். "எங்கள் வீட்டில் அவ்வளவாக வருவதில்லையே" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். மலர்க் குழுவினர், "அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்" என்று முடித்துவிட்டார்கள். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமா. எழுத்தாளன் அல்லன். குறையிருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டு வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. நான் அஜ்னி காலனியில் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். என் மனைவி சர்வீஸ் சென்டர் நம்பரைச் செல்போனில் தேடியிருக்கிறாள். மேலே முதல் வரியாக வந்தது ஒரு விளம்பரம். தொட்டதும் கம்பெனியின் சின்னத்தோடு ஒரு பக்கம், அதில் ஒரு நம்பர். பேசியவன் தேனொழுகும் ஹிந்தியில் 'மாதாஜி' என்று ஆரம்பித்தான். பதிவுக் கட்டணம் பத்தே ரூபாய் என்றான். அதற்கு ஓர் 'ஆப்' இறக்கிக்கொள்ளச் சொன்னான். அந்த ஆப் தன் செல்போன் திரையை அவனுக்கு அப்படியே காட்டிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அரை மணியில் ரூ.38,500 போய்விட்டது.

வீடு திரும்பியவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னேன். (இந்த எண்ணை எல்லோரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.) பிறகு வங்கி, போலீஸ் என்று நடையாய் நடந்ததில் ரூ.11,000 திரும்பி வந்தது.

பணம் போனால் போகட்டும். அன்றிரவு நான் பேசிய பேச்சுதான் இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. "விளம்பரம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறானே, பார்க்க வேண்டாமா?" என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து செல்போனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். புனேயில் இருக்கும் பேத்தியைத் தினமும் வீடியோவில் கூப்பிட்டுப் பேசுகிறவள், "நீங்களே போட்டுக் குடுங்க. எனக்கு எதுக்கு வம்பு?" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. எங்கள் தொழிலின் முதல் பாடமே, மனிதன் அசந்துபோவான் என்பதுதானே! அவன் அசந்தாலும் விபத்து நடக்கக்கூடாது என்றுதான் 'இன்டர்லாக்கிங்' வைத்தார்கள். பாயின்ட் சரியாக அமைந்து பூட்டிக்கொள்ளாத வரை சிக்னல் லீவரை இழுக்கவே முடியாது. கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தாலும் கை தானாக 'நில்' என்ற நிலைக்குத்தான் போகும். லீவர்மேன் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அதைச் செய்து கொடுத்தவன், சொந்த வீட்டில் லீவர்மேனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் இன்டர்நெட் நுழையும் வாசலில் ஒரு சிக்னல் போட்டிருக்க வேண்டியது நான்.

அந்த வாசல்தான் ரௌட்டர். வீட்டிலுள்ள செல்போன், டி.வி., லேப்டாப் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகின்றன. நாம் ஒரு பத்திரிகையின் பெயரைத் தட்டினால் செல்போனுக்கு அந்த இடம் தெரியாது. பெயரைச் சொல்லி, 'இதன் விலாசம் என்ன?' என்று ஒரு விசாரணை ஜன்னலில் கேட்கும். ஜன்னல்காரர் எண்களாலான விலாசத்தைச் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வகுத்தது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நாம் கேட்பது ஒரு பெயர். ஆனால் அந்தப் பக்கம் திறக்கும்போது நமக்குத் தெரியாமலே இன்னும் பல பெயர்கள் கேட்கப்படுகின்றன. விளம்பரம் அனுப்புகிறவர்கள், நாம் எதைப் பார்க்கிறோம் என்று குறிப்பெடுக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆகவே ஜன்னலில் விவரமான ஆளை உட்கார வைத்துவிட்டால் போதும். விளம்பரக்காரர் பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று வெற்று விலாசத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். வண்டி கிளம்பினால்தானே வந்து சேரும்?

செய்முறை பத்து நிமிட வேலை. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல ஒரு விலாசமும், பயனர் பெயரும், பாஸ்வேர்டும் இருக்கும். அந்த விலாசத்தை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் டி.எச்.சி.பி. என்றொரு பகுதி வரும். அதில் டி.என்.எஸ். என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பழைய எண்களை டயரியில் குறித்துக்கொண்டு, 94.140.14.14, 94.140.15.15 என்று நிரப்ப வேண்டும். ஆட்கார்டு என்ற நிறுவனம் இலவசமாக நடத்தும் விசாரணை ஜன்னல் இது. விளம்பரம் வந்தால் வரட்டும், தீங்கான தளங்களைத் தடுத்தால் போதும் என்பவர்கள் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.2, 1.0.0.2 என்ற எண்களைப் போடலாம். சேமித்துவிட்டு ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும். அப்படியே ரௌட்டரின் பழைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

நான் இதில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். முதல் கட்டத்தில் புது எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டாவதில் ஆபத்துக்கு உதவட்டும் என்று சாதாரண எண்ணையே விட்டுவைத்தேன். விளம்பரங்கள் ஒரு சமயம் நின்றன, ஒரு சமயம் வந்தன. காரணம் எளிது. முதலாவது பழுதானால்தான் இரண்டாவதிடம் போவேன் என்று செல்போன் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. இஷ்டப்படி எதையும் கேட்கும். ஒரே ஸ்டேஷனில் இரண்டு மாஸ்டர்கள் லைன் கிளியர் கொடுத்த கதைதான். இரண்டு கட்டத்திலும் வடிகட்டுகிற ஜன்னலே இருக்க வேண்டும்.

அப்புறமும் டி.வி.யில் மட்டும் சில விளம்பரங்கள் விடாமல் வந்தன. புனேயிலிருந்து மாப்பிள்ளை, "மாமா, ஐ.பி.வி6 பக்கம் பார்த்தீங்களா?" என்று போனில் கேட்டார். இப்போது பல இணைப்புகளில் பழைய முறை விலாசமும் புதிய முறை விலாசமும் சேர்ந்தே வருகின்றன. மெயின் லைனில் கேட்டைப் போட்டுவிட்டு லூப் லைனைத் திறந்து வைத்திருந்திருக்கிறேன்! அதே நிறுவனம் அதற்கும் தனி எண்கள் தருகிறது. அதையும் போட்ட பிறகுதான் அடங்கியது.

சில கம்பெனிகள் தரும் பெட்டியில் இந்த எண்ணை மாற்ற இடமே இருக்காது. அப்போது நம்முடைய ரௌட்டர் ஒன்றைப் பின்னால் இணைக்கலாம். அல்லது ஒவ்வொரு செல்போனிலும் தனியாக அமைக்கலாம். ஆண்ட்ராய்டில் 2018-ல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வசதி இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போகும்போது செல்போன் சொந்த டேட்டாவில் ஓடுமல்லவா? வீட்டு ரௌட்டர் கூடவே வராது. ஆகவே இதையும் செய்து வைப்பது நல்லது.

கைவேலையில் ஆசையுள்ளவர்கள் ஜன்னலைச் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ராஸ்ப்பெரி பை என்று 2012-ல் வந்த சீட்டுக்கட்டு அளவுக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரௌட்டரில் அதன் விலாசத்தைக் கொடுத்தால் சரி. எந்தக் கருவி எப்போது எந்தப் பெயரைக் கேட்டது என்று ஸ்டேஷன் டிரெயின் ரிஜிஸ்டர் மாதிரி வரிசையாகக் காட்டும். யாரும் பார்க்காத நடுநிசியில்கூட எங்கள் டி.வி. யாரோடோ பேச முயன்றுகொண்டிருந்ததை அதில்தான் பார்த்தேன். ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சின்னப் பெட்டி நின்றால் வீட்டில் இன்டர்நெட்டே நின்றமாதிரி ஆகிவிடும். ஆனால் கம்பி அறுந்தால் சிவப்பு என்பது எனக்குப் பழகிய நியாயம்தானே!

இது சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன். யூட்யூப் விளம்பரங்கள் இதற்கு அகப்படா. படம் வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருவதால் ஜன்னல்காரருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. தேடும்போது மேலே வரும் விளம்பர வரி கண்ணுக்குத் தெரியும். தொட்டால் பெரும்பாலும் திறக்காது. அந்த வரியிலேயே போன் நம்பர் இருந்தால் அதைக் கூப்பிடுவதை எந்த ரௌட்டரும் தடுக்க முடியாது. சில தளங்கள், விளம்பரத்தைத் தடுத்தால் உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இன்னொன்று: விசாரணை ஜன்னலில் இருப்பவருக்கு நாம் எங்கெல்லாம் போகிறோம் என்பது தெரியும். ஆகவே நம்பிக்கையான இடமாகப் பார்த்துத்தான் எண்ணைப் போட வேண்டும்.

விளம்பரமே பாவம் என்பதும் என் கட்சி அல்ல. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் முதல் 'பேனர்' விளம்பரங்கள் வந்தன. எழுதுகிறவர்களுக்குக் கூலி கிடைக்கப் பிறந்தது அது. நம் மலரே கடைசிப் பக்கத்து விளம்பரங்களால்தான் அச்சேறுகிறது. ஆனால் பட்டுப் புடவைக்காரரும் கேட்டரிங்காரரும் யாரென்று நமக்குத் தெரியும். புடவை சாயம் போனால் கடைக்கு நேரே போய்க் கேட்கலாம். 'மாதாஜி' என்றவன் வீடு எங்கே இருக்கிறது? 

சிக்னல் போட்டு முடித்த அன்று மனைவியைக் கூப்பிட்டு, "தப்பு உன்னுது இல்லை. கேட் போடாதது என் தப்பு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செல்போனை வாங்கிச் சமையல் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். "ஏங்க, பக்கமெல்லாம் வெள்ளையா கிடக்கே! உப்பு எவ்வளவுன்னு ஒரே தடவையில படிச்சிட்டேன்" என்றாள். அன்று மாலை அவளே பேத்தியை வீடியோவில் கூப்பிட்டாள்.

யாருக்காவது உதவி தேவையென்றால் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் இருப்பேன். ரௌட்டரைத் தூக்கி வர வேண்டாம்; அதன் அடியில் இருக்கும் சீட்டை ஒரு படம் எடுத்து வந்தால் போதும். படத்தை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்!