தமக்கும் கொஞ்சம் தயை

வியாதிக்காரர் இருக்கும் வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் நம் ஊரில் சாதாரணமாக இரண்டு காரியங்கள் செய்வார்கள். நாலு சாத்துக்குடிப் பழங்களைக் கட்டிலருகில் வைத்துவிட்டு நோயாளியைப் பார்த்து, "எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். பிறகு, கூடத்தில் காப்பி கொண்டுவந்து கொடுக்கும் பெண்மணியைப் பார்த்து, "உங்கள் பொறுமை யாருக்கு வரும்? நீங்கள் மனுஷியே இல்லை, தெய்வம்!" என்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். அந்தத் தெய்வம் முந்திய இரவு எத்தனை மணி நேரம் தூங்கிற்று என்று கேட்பாரை நாம் கண்டதில்லை. நம் சொந்த வீட்டில் மூன்று வருஷ காலம் நாமும் கேட்டதில்லை.

தெய்வம் என்ற பட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, எரிச்சல் வராது, "இன்று ஒரு நாள் என்னால் முடியவில்லை" என்று சொல்லத் தெரியாது. மனுஷிக்கோ இவை எல்லாம் வரும். வரும்போது, தான் ஏதோ மகா பாதகம் செய்துவிட்டதாக அவள் எண்ணிக்கொள்கிறாள். பிறர் சூட்டிய பட்டமே அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. அங்கே வாதியும் அவள்தான்; நீதிபதியும் அவள்தான்; பரிந்து பேச ஒரு வக்கீல்தான் இல்லை.

இப்படித் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டவர்களில் மிகப் பெரியவர் ஒருவர் நம் தேசத்திலேயே இருந்தார். 1885-ஆம் வருஷம் ராஜகோட்டையில் கரம்சந்த் காந்தி பவுத்திர நோயினால் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருக்குப் பணிவிடை செய்தவர்களில் பதினாறு வயதுப் பிள்ளை மோகன்தாஸ் முக்கியமானவர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, வீட்டில் தயாரிக்க வேண்டிய மருந்துகளைச் சேர்ப்பது எல்லாம் அந்தப் பையனுடைய வேலை. இராத்திரிதோறும் தகப்பனாரின் கால்களைப் பிடித்துவிட்டு, அவர் போகச் சொன்ன பிறகோ தூங்கிய பிறகோதான் படுக்கப் போவார். கடைசி இரவில் ஏறக்குறைய பதினொரு மணிக்குச் சிறிய தகப்பனார் வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரை அனுப்பினார். மோகன்தாஸ் தம் மனைவி இருந்த அறைக்குப் போனார். ஐந்தாறு நிமிஷங்களில் வேலைக்காரன் வந்து கதவைத் தட்டினான். தகப்பனார் போய்விட்டார்.

இதை அவர் எழுதியது நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1925-இல் தொடங்கிய சுயசரிதத்தில். அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பே அவமானத்தைப் பற்றியது. தாம் வெளியே போனது மட்டுமல்ல, என்ன இச்சையோடு போனோம் என்பதும் அவரைச் சுட்டது. அந்தக் கறை தம்மைவிட்டு நீங்கவே இல்லை என்று அவர் கருதினார். மஹாத்மாவின் உண்மை வேட்கைக்கு முன் தலைவணங்குகிறோம். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே இருபது வருஷம் காலங்கழித்த நமக்கு, அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அந்தப் பிள்ளை ஓடவில்லை. மாற்றாள் வந்திருந்தார், கால் பிடிப்பது நிற்கவில்லை, பெரியவர் சொல்லித்தான் பிள்ளை எழுந்தது. 1940-ஆம் வருஷத்தை ஒட்டிச் சேவாக்கிராமத்தில், குஷ்டரோகம் கண்டிருந்த பர்ச்சுரே சாஸ்திரியின் உடம்பைத் தம் கையாலேயே தேய்த்துவிட்டவர் காந்தியடிகள். அவரிடம் வேறொரு பையன் வந்து இதே கதையைச் சொல்லி அழுதிருந்தால், நாற்பது வருஷத் தண்டனை விதித்திருப்பாரா? நமக்கு நம்பிக்கை இல்லை.

இனி நம் வீட்டுக் கதை. 2016-ஆம் வருஷம் நம் அன்னையாருக்குப் பக்கவாதம் கண்டு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. கணவரை இழந்து நம்முடன் இருந்த தமக்கையார் சொல்லாமலே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கு ஒரு தரம் என்பது பகலில் ஒரு வாக்கியம். இரவில் அது ஒரு வாழ்க்கை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. நம் இல்லாளுக்குச் சமையலும் உத்தியோகமும் இருந்தன. நமக்கு? பரீட்சைத் தாள்கள் இருந்தன. பரீட்சைத் தாள் என்பது உபாத்தியாயர்களுக்குக் கடவுள் அருளிய சாக்கு.

மூன்றாவது வருஷம் ஓர் இரவு, நான்கு மணிப் புரட்டலுக்குப் பின் அம்மா மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று விளங்கவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, தமக்கையார் கையிலிருந்த தம்ளரைத் தரையில் ஓங்கி வைத்து, "இன்னும் எத்தனை நாளம்மா இப்படி?" என்று கத்திவிட்டார். பக்கத்து அறையில் நாம் விழித்துக்கொண்டோம். எழுந்து போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறோம்.

மறுநாள் தமக்கையார் ஒன்றும் சாப்பிடவில்லை. விரதம் என்றார். அதற்கு மறுநாளும் விரதம். அன்று இரவு பாயைக்கூட விரிக்காமல் கட்டில் காலில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி தண்டனைக்குப் பிறகு உடம்பில் என்ன மிஞ்சும்? அடுத்த தடவை எரிச்சல் இன்னும் சீக்கிரமாக வந்தது. அதற்காக இன்னொரு விரதம்.

அப்போது அம்மாவின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் அம்மாள் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் வெகு காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமக்கையாரின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். தமக்கையார் சொன்னார்.

"உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா, அம்மா?"

"இருக்கிறாள், சிஸ்டர். திருச்சியில்."

"அவள் இப்படி அவள் மாமியாரிடம் கத்திவிட்டு வந்து உங்களிடம் அழுதால் என்ன சொல்வீர்கள்? இரண்டு நாள் பட்டினி கிட என்பீர்களா?"

தமக்கையார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பாவம், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கடி என்பேன்" என்றார்.

"சொல்லுங்கள், அதையே உங்களுக்கும்" என்று நர்ஸ் அம்மாள் கட்டை முடித்தார். கை கழுவிக்கொண்டே நம் பக்கம் திரும்பி, "சார், ராத்திரி இவர்களைத் தவிர யார் எழுந்திருக்கிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பரீட்சைத் தாள்தான் பதிலாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் தங்கையைப் பற்றிக் கேட்டது பெரிய சாஸ்திரம் என்பது பிற்பாடுதான் நமக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் என்ற மனத்தத்துவ அறிஞர் 2003-ஆம் வருஷம் தன்பரிவு என்பதற்கு இலக்கணம் வகுத்தார். தவறும்போது தன்னை ஏசாமல் ஆதரவாகப் பேசிக்கொள்ளுதல். இந்தப் பலவீனம் தனக்கு மட்டும் உரியதல்ல, மனித ஜாதிக்கே உரியது என்று உணர்தல். துன்பத்தை மறைக்காமலும் அதிலேயே மூழ்காமலும் உள்ளபடி பார்த்தல். இவை மூன்றும் சேர்ந்ததே அவர் சொல்வது. பௌத்த தர்மத்திலிருந்து தாம் கற்றதே இது என்பதை அவர் மறைக்கவில்லை. நமக்கும் அது அந்நியச் சரக்கு அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமார்க்கம் என்னும் பெருநூலை எழுதிய புத்தகோஷர் காஞ்சியிலும் தங்கியிருந்தவர். மைத்ரீ பாவனை பழகுகிறவன் முதலில் தன்னிடமிருந்தே அதைத் தொடங்கவேண்டும், பிறகுதான் அன்பருக்கும் அயலாருக்கும் பகைவருக்கும் அதை விரிக்கவேண்டும் என்பது அந்நூலின் முறை.

"இது சோம்பேறித்தனத்துக்கு அழகான பெயர் அல்லவா?" என்று சில நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். கடமையில் தவறிவிட்டு 'நானும் மனிதன்தானே' என்று சொல்லிக்கொள்வது சுலபமாயிற்றே! ஆனால் அந்த வாக்கியத்தைச் சுலபமாகச் சொல்கிறவர்கள் பக்கத்து அறையில் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள். கட்டிலருகில் இருப்பவர்கள் அல்லர். தங்கையிடம் "தூங்கு" என்கிற தமக்கை, "மாமியாரைத் திட்டியது சரி" என்று சொல்லிவிடவில்லை. தவறு தவறுதான். பட்டினி அதற்குப் பரிகாரம் அல்ல என்பதே பேச்சு.

வெறும் ஆறுதல் வார்த்தை போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். இராத் தூக்கத்தைப் பறித்துக்கொண்டு, "உன்மேல் நீ பரிவாக இரு" என்று உபதேசம் செய்வது பரிகாசமாகும். பணிவிடைக் கலைக்குப் புத்துயிர் கொடுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதை நன்றாக அறிந்திருந்தார். 1854-இல் முப்பத்தெட்டுப் பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனவர், மறு வருஷமே கடுங்காய்ச்சலில் விழுந்தார். 1857 முதல் நெடுங்காலம் படுக்கையும் அறையுமாகவே இருக்க நேர்ந்தது. (அந்தப் படுக்கையிலிருந்தே, ஒரு தடவையும் பார்த்திராத இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றிக் கட்டுக் கட்டாக எழுதினார்.) வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்களுக்காக அவர் வெளியிட்ட சிறு நூலில் சில்லறை நிர்வாகத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. நீ இருக்கும்போது நடக்கிற காரியம் நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால், நீ செய்த பணிவிடை அத்தனையும் வீணாகலாம் என்பது அதன் சாரம். 'நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது' என்பதை நாம் தியாகத்தின் அடையாளமாக எண்ணுகிறோம். அவருக்கோ அது நிர்வாகக் குறை.

நர்ஸ் அம்மாள் அந்த நூலைப் படித்தாரோ என்னவோ, தமக்கையாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டவேண்டும், கஞ்சி எவ்வளவு தளர்வாக இருக்கவேண்டும், அம்மா எந்தக் குரலில் கூப்பிட்டால் என்ன பொருள், எல்லாம் அதில் ஏறின. வெள்ளி, சனி இரவுகள் நம் பங்காயின. முதல் சனிக்கிழமை விடியற்காலம் நான்கு மணிக்கு, ஆறாவது தடவையாகக் கூப்பிட்ட அம்மாவிடம், "சும்மா இரேன், அம்மா!" என்று நாம் சீறினோம். மூன்று வருஷம் தாங்கியவரை நாம் எந்த இடத்திலிருந்து எடைபோட்டோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. காலையில் தமக்கையாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒரு வாய் காப்பி குடி, தம்பி" என்றார்.

2019-ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், நாமே வற்புறுத்தித் தமக்கையாரைச் சுவாமிமலைக்கு அனுப்பினோம். வெகு நாளாகப் போக நினைத்த கோவில். போகும்போது நோட்டில் அன்றைக்கு வேண்டியதை எழுதிவைத்துவிட்டுப் போனார். பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிஷத்துக்கு, நம் கையைப் பிடித்தபடியே அம்மாவின் மூச்சு நின்றது. தமக்கையார் ஆட்டோவில் வந்து இறங்கியபோது முகத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. "நான் போயிருக்கக் கூடாது" என்ற ஒன்றைத்தான் அன்றும் அதற்குப் பின்பும் சொல்லிக்கொண்டிருந்தார். சுபம் கழிந்த பிறகும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனபின் ஒரு மத்தியானம், கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இரண்டு மணிக்குப் புரட்டினாயா, தம்பி?" என்று கேட்டார்.

"புரட்டினேன், அக்கா."

"இடது பக்கந்தானே?"

"இடது பக்கந்தான். தலையணையும் நீ எழுதியிருந்தபடியே வைத்தேன்."

சற்று நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, "பசிக்கிறது. இலை போடச் சொல்" என்றார்.